ஊட்டி சீசன்தான் பறவைகளுக்கும் சீசன்: சோலைக்காட்டில் பறவை பார்ப்பது எப்படி, செல்போனில் குரலை ஒலிக்கவிடக் கூடாது என்பது ஏன்?

மே மாதம் வந்தால் ஊட்டியில் எல்லாமே வரிசைதான். கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸ் காட்ட வரிசை, தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி பார்க்க வரிசை, தொட்டபெட்டா போக வரிசை. 2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் நீலகிரிக்குள் வர முடியாது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் உச்சவரம்பே போட்டது.

இந்த வரிசைக்கு சில நூறு அடி தள்ளி, ரோட்டோர மண்மேட்டுப் பொந்திலோ மரப்பொந்திலோ, சிட்டுக்குருவி அளவுள்ள ஒரு நீலப் பறவை முட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கும். அதற்கும் இதுதான் சீசன். ஏப்ரல் முதல் ஜூன் வரை அது கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம்.

அந்தப் பறவையின் பெயர் நீலகிரி சோலைக்கிளி. கிளி என்றதும் பச்சை உடம்பும் சிவப்பு மூக்கும் தேட வேண்டாம். மலையாளத்தில் சின்னச் சின்னப் பறவைகளையும் பொதுவாகக் ‘கிளி’ என்றே சொல்வார்கள். அந்தக் கணக்கில் இது சோலையில் வாழும் பறவை, அவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு தூரம் பேச வேண்டும்? இந்தப் பறவைக்கு இன்னொரு ஊர் கிடையாது என்பதால்தான்.

சோலை என்றால் என்ன?

நீலகிரியின் மேல்மட்டத்தில் காடு சமவெளிக் காடு மாதிரி விரிந்து பரந்து இருக்காது. மலை மேடெல்லாம் புல்வெளி. இரண்டு மேடு சேரும் பள்ளத்தில், தண்ணீர் ஊறும் இடத்தில் மட்டும் குட்டையான மரங்கள் நெருக்கியடித்து நிற்கும். மரத்தண்டு முழுக்கப் பாசி, கீழே பெரணி. இதுதான் சோலை. மழையைப் பிடித்து வைத்து, மழை நின்ற பிறகும் ஓடையில் தண்ணீர் விடுவது இந்தச் சோலையும் அதைச் சுற்றிய புல்வெளியும்தான்.

இப்போது மேப்பை எடுத்துப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையிலிருந்து கன்னியாகுமரி வரை நீள்கிறது. ஆனால் 2,000 மீட்டருக்கு மேல் உயரும் இடங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் உள்ளன. நீலகிரி ஒன்று. ஆனைமலை - பழனி மலை இன்னொன்று. நடுவில் பாலக்காட்டுக் கணவாய். 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலமான, வெயில் அடிக்கும் தாழ்வான நிலம்.

கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போகும் நமக்கு அது சாதாரண வழி. குளிரிலும் நிழலிலும் மட்டுமே வாழப் பழகிய சோலைப் பறவைக்கு அது கடல். அதனால்தான் ஆய்வாளர்கள் இந்த மலை உச்சிகளை ‘வானத் தீவுகள்’ என்று அழைக்கிறார்கள்.

தீவில் மாட்டிக்கொண்ட உயிர் தனி வழியில் மாறும். கணவாய்க்கு வடக்கே, நீலகிரியிலும் அதை ஒட்டிய சில உயர்ந்த மலைகளிலும் இருக்கும் சோலைக்கிளிக்கு விலாப் பக்கம் செம்பழுப்பு நிறம். தெற்கே கொடைக்கானல் பக்கம் இருப்பதற்கு அந்தச் செம்பழுப்பு இல்லை, நீலம் இன்னும் அடர்த்தி. இரண்டும் வேறு வேறு இனங்கள்.

இதை அறிவியல் உலகம் ஒழுங்காகப் புரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆனது. கிழக்கிந்தியக் கம்பெனியில் டாக்டராக இருந்த தாமஸ் ஜெர்டன் 1840-களின் தொடக்கத்தில் இந்தப் பறவையை விவரித்து எழுதினார். அதன் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் அதை இமயமலைப் பறவைகளின் ஏதாவது ஒரு குடும்பப் பெயரில் மாற்றி மாற்றிச் சேர்த்தார்கள். 2017-ல் வி.வி.ராபின், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி உள்ளிட்ட ஆய்வாளர்கள் மரபணுவைச் சோதித்துப் பார்த்தபோதுதான் அது இவற்றில் எதனோடும் ஒட்டாத தனி வகை என்று தெரிந்தது. புதிதாக ஒரு பேரினப் பெயரே வைத்தார்கள்: ‘சோலிகோலா’. அதில் இருக்கும் ‘சோல’ நம்ம ‘சோலை’தான்!

அதே ஆய்வில் இன்னொரு புதிய பேரினமும் கிடைத்தது. அதைச் சேர்ந்ததுதான் நீலகிரி சிரிப்பான்.

ஊட்டியில் சிரிப்பது யார்?

ஊட்டியில் காலையில் ஏதாவது லாட்ஜ் அறையின் ஜன்னலைத் திறந்தால், வெளியே புதருக்குள் நாலைந்து பேர் சேர்ந்து கெக்கலித்துச் சிரிப்பது மாதிரிச் சத்தம் கேட்கும். ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். அது நீலகிரி சிரிப்பான். மைனாவைவிடக் கொஞ்சம் சின்னது. செம்பழுப்பு நெஞ்சு, கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம், கறுப்பு மோவாய். கூட்டமாகத்தான் திரியும்.

மலையில் தவிட்டுப்பழம் பழுக்கும் காலத்தில் அந்தப் புதர்களில் இதைத் தேடலாம். நீலகிரிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பறித்துத் தின்னும் அதே பழம்தான். உலகத்தில் வேறு எங்கேயும் கிடைக்காத ஒரு பறவை, ஊட்டியில் வீட்டு வேலியில் வந்து சிரிக்கிறது. இதைப் பார்க்கவே வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஆட்களோ அதைக் கவனிக்காமல் சாக்லேட் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

அதே மாதிரி எளிதாகக் கண்ணில் படக்கூடியது நீலகிரி ஈப்பிடிப்பான். கருநீல நிறம், நிமிர்ந்து உட்காரும், ஒரு கிளையிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்து அதே கிளைக்குத் திரும்பும். குளிர்காலத்தில் இமயமலைப் பக்கமிருந்து வரும் வெளிர்நீல ஈப்பிடிப்பானும் இங்கே இருக்கும் என்பதால் குழப்பம் வரும். வால் தொடங்கும் இடத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது நம்ம ஊர்க்காரர்.

கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் இன்னும் அழகு. ஆண் பறவைக்குத் தலையும் இறக்கையும் கறுப்பு, மற்ற உடம்பெல்லாம் ஆரஞ்சு. ஆனால் தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தால் கிடைக்காது. சோலைக்குள் முழங்கால் உயரத்தில், தரையை ஒட்டியே இருக்கும். காய்ந்த இலைகளை உருட்டி வைத்த பந்து மாதிரி அதன் கூடு, பெரும்பாலும் பெரணிச் செடிகளுக்கு நடுவில். பார்த்தால் காற்றில் வந்து சிக்கிய சருகு என்றே நினைப்பீர்கள். இந்த விஷயம் முக்கியம், பின்னால் திரும்ப வரும்.

பெரிய மரங்களில் பழம் தின்பது நீலகிரி காட்டுப்புறா. கழுத்தின் பின்புறம் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு-வெள்ளைக் கட்டம் இருக்கும். சோலை மரங்களின் பழத்தை முழுசாக விழுங்கி, விதையை வேறு இடத்தில் போடுகிற வேலையும் அதனுடையது.

எங்கே போகலாம்? எப்போது போகலாம்?

முதலில் நேரம். மேக மூட்டத்தோடு விடியும் காலையில் அவசரப்பட்டு 6 மணிக்கே போய் நின்றால் குளிர் மட்டும்தான் மிச்சம். பனி விலகி, சோலையின் ஓரத்தில் முதல் வெயில் விழும்போது பூச்சிகள் அசையத் தொடங்கும். பறவைகளும் அங்கே வரும். ஆனால் சோலைக்கிளி மட்டும் விதிவிலக்கு. அது வெளிச்சம் குறைந்த நேரத்து ஆள். விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் காட்டுப் பாதையின் ஓரத்தில் தத்தித் தத்தி இரை தேடும்.

ஊட்டியில் கெய்ர்ன்ஹில், தொட்டபெட்டா சாலையின் ஓரங்கள், தாவரவியல் பூங்காவின் மேல் பகுதி. குன்னூரில் 1874-ல் தொடங்கிய சிம்ஸ் பூங்கா, லேம்ப்ஸ் ராக் போகும் வழி. இவை எல்லாம் சாதாரணமாகப் போய்வரக்கூடிய இடங்கள். முக்கூர்த்தி தேசியப் பூங்கா கனவு இடம்தான். ஆனால் அது சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்து விடப்பட்ட இடம் அல்ல.

கோத்தகிரியில் இருக்கும் லாங்வுட் சோலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெறும் 116 ஹெக்டேர். சுற்றிலும் தேயிலையும் வீடும் வந்துவிட்ட பிறகும் நடுவில் தப்பி நிற்கும் ஒரு துண்டுக் காடு. சுற்றுவட்டாரக் கிராமங்கள் பலவற்றின் குடிநீர் இதன் ஊற்றுகளிலிருந்துதான் வருகிறது. 2024 ஜனவரியில் இதற்கு சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது.

ராம்சர் என்றதும் வேடந்தாங்கல், பள்ளிக்கரணை மாதிரி ஏரிதான் நினைவுக்கு வரும். காட்டுக்கு எப்படி? ஊற்றும் சதுப்பும் சேர்ந்த காடும் ஈரநிலம்தான் என்பதால். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 26 பறவை இனங்களில் 14 இனங்கள் இந்தச் சின்னச் சோலைக்குள் இருப்பதாக அப்போது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சொன்னது. சோலைக்கிளி, சிரிப்பான், காட்டுப்புறா மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. இது காப்புக்காடு. வனத்துறையிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

தேயிலைத் தோட்டத்தில் என்ன கிடைக்கும்?

நிறையக் கிடைக்கும், ஆனால் வேறு கூட்டம். தேயிலைச் செடியின் மேல் உட்கார்ந்து வாலை ஆட்டும் கறுப்பு-வெள்ளைக் குருவி, புதர்ச்சிட்டு. மின் கம்பியில் உட்கார்ந்து முகமூடி போட்ட மாதிரிப் பார்ப்பது கீச்சான். நிழலுக்காக வைத்திருக்கும் சில்வர் ஓக் மரத்தில் கூட்டமாக வந்து போவது வெள்ளைக்கண்ணி. கன்னத்தில் சிவப்புப் பொட்டும் தலையில் கூரான கொண்டையும் வைத்த கொண்டைக்குருவி எங்கும் உண்டு. அதிகாலையில் தோட்டப் பாதையில் காட்டுக்கோழி குறுக்கே ஓடும்.

சோலைப் பறவைகள் தேயிலைக்குள் வராதா? தோட்டத்தின் நடுவில் ஓடையோரமாக ஒரு துண்டுச் சோலையை வெட்டாமல் விட்டிருந்தால் வரும். அந்த ஓரத்தில் நின்று பார்த்தால் இரண்டு உலகமும் ஒரே இடத்தில் தெரியும். தேயிலைக்குள் திரும்பினால் புதர்ச்சிட்டு, சோலைக்குள் திரும்பினால் ஈப்பிடிப்பான்.

எஸ்டேட் தனியார் இடம் என்பதை மறக்க வேண்டாம். கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அனுமதி கிடைத்தாலும் தனியாகப் போகாதீர்கள். நீலகிரியில் தேயிலைத் தோட்டத்துக்குள் காட்டெருமை மேய்வது அன்றாடக் காட்சி. கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடி வேறு. பைனாகுலரில் மரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்பவருக்கு இருபதடி தள்ளி நிற்கும் காட்டெருமை தெரியாது. இலை பறிக்கும் தொழிலாளர்களிடம் ‘இன்னைக்கு அந்தப் பக்கம் எதாவது நிக்குதாக்கா?’ என்று கேட்டுவிட்டு நடப்பதுதான் புத்திசாலித்தனம். எந்தப் புதரில் எந்தக் குருவி கூடு வைத்திருக்கிறது என்பதுகூட அவர்களுக்குத்தான் தெரியும்.

என்ன வாங்க வேண்டும்?

பெரிய லென்ஸ் போட்ட கேமரா அவசியமே இல்லை. ஒரு பைனாகுலர் போதும். அதில் 8, 42 என்று இரண்டு எண்கள் போட்டிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன் லென்ஸின் அகலம் மில்லிமீட்டரில். ‘10 மடங்கு இன்னும் நல்லதுதானே’ என்று தோன்றும். ஆனால் மடங்கு கூடக் கூட, கை நடுக்கமும் பெரிதாகும், பார்க்கும் வட்டமும் சுருங்கும். மூடுபனியும் நிழலும் உள்ள நீலகிரிக்கு 8-க்கு 42 தாராளம்.

அதைவிட முக்கியம் காது. சோலைக்குள் பத்துப் பறவை இருந்தால் எட்டை முதலில் கேட்கத்தான் முடியும். ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். முதல் பத்து நிமிடம் எதுவுமே இருக்காது. அப்புறம் திடீரென்று ஒரு கலப்புக் கூட்டம் வரும். ஈப்பிடிப்பான், வெள்ளைக்கண்ணி, பசை வைத்த மாதிரி மரத்தண்டில் தலைகீழாக இறங்கும் குருவி என்று பல இனங்கள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடிக்கொண்டே நகரும். நிறையக் கண் இருந்தால் எதிரியைச் சீக்கிரம் பார்க்கலாம், ஒன்று கிளப்பிவிடும் பூச்சி இன்னொன்றுக்குக் கிடைக்கும் என்பதுதான் கணக்கு. இரண்டு மூன்று நிமிடத்தில் கூட்டம் கடந்துவிடும். மறுபடி அமைதி. நடந்துகொண்டே இருப்பவர்களுக்கு இது கிடைப்பதே இல்லை.

பெயர் தெரியவில்லையா? கார்னெல் பல்கலைக்கழகத்தின் ‘மெர்லின்’ செயலி இலவசம். குரலைக் கேட்டும் படத்தைப் பார்த்தும் என்ன பறவையாக இருக்கலாம் என்று சொல்லும். ‘இருக்கலாம்’ என்பதைக் கவனியுங்கள். செயலி சொல்வதை ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டு, கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது.

குரலை ஒலிக்கவிட்டால் என்ன தப்பு?

பிரச்சினையே இங்கேதான் தொடங்குகிறது. குரலைக் கேட்டு அடையாளம் காண உதவும் அதே செல்போனில், அந்தப் பறவையின் குரலைச் சத்தமாக ஒலிக்கவிடவும் முடியும். ஒலித்தால் பறவை வரும். பெரும்பாலும் சில நிமிடத்திலேயே வந்துவிடும். போட்டோ எடுப்பவர்களுக்குக் கொண்டாட்டம்.

ஏன் வருகிறது? நம்மை வரவேற்க இல்லை. கூடு கட்டும் காலத்தில் ஒவ்வொரு ஆண் பறவைக்கும் ஒரு எல்லை உண்டு. பாட்டுதான் அந்த எல்லையின் வேலி. வேலிக்குள் இன்னொரு ஆண் பாடுகிறது என்றால், இடத்தையும் ஜோடியையும் பிடுங்க ஒருவன் வந்துவிட்டான் என்று பொருள். இரை தேடுவதை, குஞ்சுக்கு ஊட்டுவதை, காவல் இருப்பதை எல்லாம் போட்டுவிட்டு அது சண்டைக்கு வருகிறது. வந்து பார்த்தால் எதிரி இல்லை. ஆனால் குரல் மட்டும் கேட்கிறது. கிளைக்குக் கிளை தாவித் தேடுகிறது. நமக்கு ‘சூப்பர் ஷாட்’ கிடைப்பது அந்தப் பதற்றத்தில்தான்.

ஒருவர் ஒரு தடவை செய்தால் பெரிய கெடுதல் இல்லை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அது ஓரளவு சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஊட்டியில் நடப்பது அது இல்லை. ரோட்டோரத்தில் எளிதாகப் பார்க்கக்கூடிய சோலைக்கிளி ஜோடி எங்கே இருக்கிறது என்பது வாட்ஸ்அப் குழுவில் லொகேஷனோடு பரவும். அதே ஜோடிக்கு முன்னால் காலையில் ஒரு கார், பத்து மணிக்கு ஒன்று, மாலையில் மூன்று. ஒவ்வொருவரும் ‘நான் ஒரு தடவைதானே போட்டேன்’ என்பார்கள். பறவையின் கணக்கில் அது நாள் முழுக்க எல்லைச் சண்டை, தினமும்.

கூட்டைப் படம் எடுப்பது இதைவிட மோசம். கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பானின் சருகுப் பந்துக் கூட்டைப் பற்றி மேலே சொன்னோம் இல்லையா? அதன் ஒரே பாதுகாப்பு அது தெரியாமல் இருப்பதுதான். படம் தெளிவாக வர வேண்டும் என்று முன்னால் இருக்கும் நாலு பெரணி இலையை ஒதுக்கினால், நம் கேமராவுக்குத் தெரிவது காகத்துக்கும் தெரியும். சுற்றுலா மிச்சங்களைத் தின்று பெருத்த காகங்களுக்கு ஊட்டியில் பஞ்சமே இல்லை. வருடத்தில் ஒரு கூட்டுக்கு இரண்டு முட்டை என்பது இந்தச் சோலைப் பறவைகள் பலவற்றின் கணக்கு. போனால் அந்தப் போட்டோவோடு போச்சு.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ல் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள்ளேயே பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கி தூக்கினால்தான் வேட்டை என்று இல்லை. பெரும்பாலான காட்டுப் பறவைகளுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு.

நீலகிரியில் இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. இங்கே குளிர்காலத்தில் வரும் காட்டு உள்ளான் என்ற பறவையைச் சுடுவது வெள்ளைக்காரர்களின் பெரிய பொழுதுபோக்கு. சுட்டுச் சுட்டு வேட்டைக்கே ஒன்றும் மிஞ்சாது என்ற பயம் வந்தபோது 1877-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள், 1879-ல் நீலகிரிக்கென்றே ஒரு வேட்டை, மீன்பிடிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வேட்டைக்காரர்கள் தொடங்கிய அந்தச் சங்கம்தான் இன்று நீலகிரி வன உயிர் மற்றும் சுற்றுச்சூழல் சங்கம்.

பச்சையாக இருந்தால் காடா?

செல்போனை எல்லோரும் பாக்கெட்டில் வைத்துவிட்டாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. அது இடம்.

நீலகிரியின் பறவைகளில் மிகவும் நெருக்கடியில் இருப்பவற்றில் ஒன்று, பலரும் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு பழுப்புக் குருவி. நீலகிரி நெட்டைக்காலி. நீலமும் இல்லை, ஆரஞ்சும் இல்லை, உடம்பெல்லாம் கோடு கோடாக, காய்ந்த புல் நிறம். உயரமான மலையின் புல்வெளியில் மட்டுமே வாழும். மரம் வந்தால் அது போய்விடும்.

அந்தப் புல்வெளியை ஆங்கிலேயர்கள் வெறும் நிலம் என்று நினைத்தார்கள். 1840-களிலேயே ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் மரத்தையும், தோல் பதனிட உதவும் வாட்டில் மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அது நிற்கவில்லை, இன்னும் வேகமானது. யூகலிப்டஸ் நடுபவன் நின்றாலும் வாட்டில் நிற்காது. அதன் விதை மண்ணுக்குள் பல வருடம் காத்திருந்து முளைக்கும். செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்த ஆய்வுகள், இந்த உயர்ந்த மலைகளில் பெரிதாக அழிந்தது சோலைக்காடு அல்ல, புல்வெளி என்றே காட்டுகின்றன.

இதில் ஒரு வேடிக்கை. வாட்டில் காடும் தேயிலைத் தோட்டமும் கண்ணுக்குப் பச்சைப் பசேல் என்று இருக்கும். ‘என்ன ஒரு இயற்கை!’ என்று ரீல்ஸ் போடுவோம். நெட்டைக்காலிக்கு அது கான்கிரீட் மாதிரிதான். வாட்டில் போன்ற அந்நியத் தாவரங்களை அகற்றி, பழைய சூழலை மீட்பதற்கென்று தமிழ்நாடு அரசு 2022-ல் ஒரு கொள்கையே வெளியிட்டது. ஆனால் வெட்டினால் மட்டும் போதாது, வெட்டிய இடத்தில் புல் திரும்ப வர வேண்டும். அது வருடக்கணக்கில் கூடவே இருந்து செய்ய வேண்டிய வேலை.

தேயிலைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இந்தத் தோட்டங்களில் ஒரு பகுதி, 1964-ல் போடப்பட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க அரசு உருவாக்கிய டான்டீ தோட்டங்கள். காட்டைக் கொடுத்துத்தான் அந்தப் பிழைப்பு வந்தது. பறவைக்காக அதைத் தப்பு என்று ஒரே வரியில் எழுதிவிட முடியாது.

அந்த மலையக மக்களைப் போலவே நுவரெலியாவும் நீலகிரியும் இரண்டையும் அறிந்த ஒரு பறவையும் இருக்கிறது. காஷ்மீர் ஈப்பிடிப்பான். காஷ்மீர் பக்கத்து மலைகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வரும். பெரும்பகுதி இலங்கையின் தேயிலை மலைகளுக்குப் போகும். நுவரெலியா விக்டோரியா பூங்கா அதைப் பார்க்கப் பேர்போன இடம். சிலது கடல் தாண்டாமல் ஊட்டி, குன்னூர் மரங்களிலேயே தங்கிவிடும். ஆணின் செந்நிற நெஞ்சைச் சுற்றிக் கறுப்புக் கரை போட்டிருக்கும். அதை வைத்து மற்ற செந்நெஞ்சு ஈப்பிடிப்பான்களிலிருந்து பிரித்துவிடலாம்.

மலைக்குக் கீழே ஒரு எட்டு

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கினால் உலகமே மாறிவிடும். முள்காடு, வெயில், மாயாறு பள்ளத்தாக்கு. இங்கே வானத்தைப் பார்க்க வேண்டும். வெண்முதுகுப் பாறு கழுகுகள் இன்னும் கூடு கட்டி வாழும் தென்கோடி இடம் இந்தப் பகுதிதான்.

இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்த பாறு கழுகுகள் மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தால் சரிந்தன என்பது 2004-ல் உறுதியானது. மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்றால் கழுகின் சிறுநீரகம் செயலிழக்கும். 2006-ல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். கெட்டோபுரோஃபென், அசிக்குளோஃபினாக் ஆகியவற்றுக்கு 2023-ல் தடை வந்தது. மாடு வைத்திருப்பவர்கள் கால்நடை டாக்டரிடம் மெலாக்சிகாம் கேட்டு வாங்கினால், பக்கத்துக் காட்டின் கழுகுக்கு அதுவே பெரிய உதவி.

பார்த்ததை எழுதி வைத்தால் என்ன பயன்?

‘இ-பேர்ட்’ என்ற தளத்தில் எங்கே, எத்தனை மணிக்கு, எந்தப் பறவையை எத்தனை பார்த்தோம் என்று யாரும் பதியலாம். இது பொழுதுபோக்கு மாதிரித்தான் தெரியும். ஆனால் 2023-ல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இப்படிப் பதிந்ததை வைத்துத்தான் எழுதப்பட்டது. 942 இனங்களை ஆராய்ந்து, 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது. எவ்வளவு அரசுப் பணம் செலவழித்தாலும் இவ்வளவு கண்களைக் கூலிக்கு வைக்க முடியாது.

தமிழ்நாட்டில் 2015 முதல் ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பொங்கல் விடுமுறையில் குறைந்தது 15 நிமிடம் ஒரு இடத்தில் நின்று பார்த்ததைப் பதிந்தால் போதும். கொண்டைக்குருவி நாலு, காகம் பத்து என்று எழுதினாலும் அது தகவல்தான். இல்லாததைப் பற்றிய தகவலும் அதற்குள் இருக்கிறது. நேற்று வரை இருந்த குருவி இந்த வருடம் ஏன் பட்டியலில் இல்லை என்ற கேள்வி அதிலிருந்துதான் பிறக்கும்.

பறவை பார்க்க மட்டுமே நீலகிரி வருவது என்றால், மே மாதத்தை விட்டுவிட்டு டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் வருவது எல்லா வகையிலும் லாபம். அறை வாடகை குறையும், ரோடு காலியாக இருக்கும், வலசை வந்த பறவைகளும் இருக்கும், கூட்டில் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. என்ன, ஜனவரியில் உறைபனி. தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும். ஸ்வெட்டர் மேல் இன்னொரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

மே மாதத்தில்தான் லீவு என்றாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. ரோட்டிலிருந்தே பாருங்கள். கூடு கண்ணில் பட்டால், லொகேஷன் அனுப்பாமல் நகர்ந்துவிடுங்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கி, கூட்டமும் மலை இறங்கிவிடும். அந்த மூடுபனிக்குள் சோலைக்கிளிக் குஞ்சுகள் பறக்கப் பழகும். செப்டம்பரில் குன்னூர் ஓடைப் பாறைகளில், மஞ்சள் வயிறோடு வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, இமயமலையிலிருந்து சாம்பல் வாலாட்டி வந்து இறங்கும்.